மூன்றாவது நீர்மூழ்கி

போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போர்க்கப்பல் படம் சுற்றியது. பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் எச்.எம்.எஸ். பெட்டார்ட். 'ஜெர்மன், இத்தாலி, ஜப்பான், மூன்று நாட்டு நீர்மூழ்கிகளையும் மூழ்கடித்த கப்பல்' என்று கீழே எழுதியிருந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்கள். தகவல் சரிதான். ஆனால் அந்த மூன்றாவது நீர்மூழ்கிக்கும் கைதட்ட எனக்குக் கை வரவில்லை.

முதலாவது கதை பலருக்குத் தெரியும். 1942 அக்டோபர் 30 இரவு, எகிப்துக்கு வடக்கே, பகலெல்லாம் துரத்தப்பட்ட யு-559 வேறு வழியில்லாமல் மேலே வந்தது. பெட்டார்டின் லெப்டினன்ட் ஆண்டனி ஃபாசனும் மாலுமி காலின் கிரேசியரும் மூழ்கிக்கொண்டிருந்த அந்த நீர்மூழ்கிக்கு நீந்திப் போய் உள்ளே இறங்கினார்கள். கேன்டீன் உதவியாளர் டாமி பிரவுன் ஏணியில் நின்று அவர்கள் கொடுத்த ரகசியக் குறியீட்டுப் புத்தகங்களை வாங்கி மேலே சேர்த்தான். வயது 16, பொய் சொல்லிக் கப்பலேறிய பையன். மேலே வரச் சொல்லி அவன் கூப்பிட்டான். அதற்குள் நீர்மூழ்கி இருவரோடும் கீழே போய்விட்டது. அந்தப் புத்தகங்களை வைத்துத்தான், பத்து மாதமாகப் படிக்க முடியாமல் கிடந்த ஜெர்மன் நீர்மூழ்கிகளின் நான்கு சக்கர எனிக்மா இயந்திர ரகசியச் செய்திகளை அந்த டிசம்பரில் பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க் மறுபடி உடைத்தது.

இரண்டாவது, அதே டிசம்பர் 15இல், கிரேக்க டெஸ்ட்ராயர் ஒன்றோடு சேர்ந்து வீழ்த்திய இத்தாலியின் உவார்ஷிக்.

இனி மூன்றாவது. இது நம்ம பக்கத்துக் கடலில் நடந்தது. 1944 பிப்ரவரியில் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு ஐந்து துருப்புக் கப்பல்கள் புறப்பட்டன. காவலோடு சேர்ந்து போகும் இந்தக் கப்பல் கூட்டத்தின், அதாவது கான்வாயின் பெயர் கேஆர்-8. காவலுக்கு ஹாக்கின்ஸ் என்ற பழைய குரூசர் போர்க்கப்பல், பெட்டார்ட், பலடின் என்ற இரண்டு டெஸ்ட்ராயர்கள். துருப்புக் கப்பல்களில் ஒன்றான கெடிவ் இஸ்மாயிலில் மட்டும் 1,511 பேர். பர்மா போர்முனைக்குப் போய்க்கொண்டிருந்த கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையின் 301வது ரெஜிமென்ட், ராணுவ நர்சுகள், கப்பலை ஓட்டிய, லாஸ்கர் எனப்பட்ட இந்திய மாலுமிகள்.

பிப்ரவரி 12, சனிக்கிழமை. மாலத்தீவுப் பக்கம், ஒன்றரை டிகிரிக் கால்வாய் என்ற கடல்வழி. மதியச் சாப்பாடு முடிந்து உள்ளே பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. இரண்டரை மணி சுமாருக்கு ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-27இன் இரண்டு டார்பிடோக்கள் தாக்கின. ஓரிரு நிமிடத்தில் கப்பல் இல்லை. கச்சேரி கேட்கப் போனவர்கள் படி ஏறி வருவதற்குக்கூட அந்த நேரம் போதாது.

மற்ற நான்கு கப்பல்களும் நிற்காமல் ஓடின. அதுதான் கான்வாய்களின் விதிமுறை. பலடின் படகுகளை இறக்கி, தண்ணீரில் கிடந்தவர்களைத் தூக்க ஆரம்பித்தது. பெட்டார்ட், ஒலி அனுப்பி எதிரொலியால் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் ஆஸ்டிக் கருவியை வைத்துத் தேடியது. எதிரொலி வந்த இடம், மிதந்துகொண்டிருந்த மனிதர்களுக்கு நேர் கீழே.

ஆழ்வெடி என்பது பீப்பாய் மாதிரி ஒன்று. தண்ணீரின் அழுத்தம் குறித்த அளவுக்கு வந்ததும் வெடிக்கும். நீர்மூழ்கி மீது நேராகப் பட வேண்டியதில்லை, பக்கத்தில் வெடித்தால் போதும், நீரின் அதிர்ச்சியே இரும்பை நெரித்துவிடும். அதே அதிர்ச்சி நீரில் மிதப்பவனின் குடலையும் நுரையீரலையும் கிழிக்கும், மேலே ஒரு கீறல்கூட இருக்காது. ஆஸ்டிக்குக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. இலக்கின் மேலேயே கப்பல் வந்ததும் எதிரொலி போய்விடும். கடைசி நொடிகளில் உத்தேசமாகத்தான் வெடிகளைத் தள்ள வேண்டும். ஒரு தடவையில் முடிகிற வேலை இல்லை. பெட்டார்ட் அந்தக் கூட்டத்துக்குள் போய் வெடிகளைப் போட்டது. படகை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே.

இதைப் படித்துவிட்டுக் கொலைகாரர்கள் என்பவர்களும் உண்டு, போர் என்றால் அப்படித்தான் என்று தோளைக் குலுக்குபவர்களும் உண்டு. எனக்கு இரண்டு பேர் மேலேயும் எரிச்சல். தண்ணீருக்கடியில் நீர்மூழ்கி மெதுவாகத்தான் போகும், கான்வாயைப் பிடித்திருக்காது, ஆட்களைத் தூக்கிவிட்டு அப்புறம் தேடியிருக்கலாமே என்று ஒரு வாதம். ஆனால் ஆள் தூக்க வேண்டுமென்றால் கப்பல் நிற்க வேண்டும், நின்ற டெஸ்ட்ராயர்தான் அடுத்த இலக்கு. தப்பவிட்டால், இருட்டியதும் மேலே வந்து 23 நாட், அதாவது மணிக்கு 40 கி.மீ.க்கும் மேல் வேகத்தில் ஓடக்கூடிய நீர்மூழ்கி அது. முன்னால் போகும் நான்கு கப்பல்களிலும் ஆயிரக்கணக்கில் ஆட்கள். பெட்டார்டின் மேல்தளத்தில் நின்ற கேப்டனுக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

என் கோபம் அவர்மேல் இல்லை. ஐந்து துருப்புக் கப்பல்களுக்கு இரண்டு டெஸ்ட்ராயர் போதும் என்று கணக்குப் போட்ட மேசைகள்மேல். அட்லாண்டிக்குக்கும் மத்தியதரைக் கடலுக்கும் கொடுத்தது போக மிஞ்சியதுதான் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. இன்னும் நான்கு காவல் கப்பல்கள் இருந்திருந்தால் ஒன்று தேடியிருக்கும், ஒன்று சுற்றி நின்றிருக்கும், ஒன்று ஆள் தூக்கியிருக்கும். அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

சரி, அதன் பிறகும் ஐ-27 எளிதில் சாகவில்லை. அடிபட்டு மேலே வந்தது. முட்டப் போன பலடின் கடைசி நேரத்தில் திரும்பியும், நீர்மூழ்கியின் இறக்கை அதன் வயிற்றைக் கிழித்துவிட்டது. பெட்டார்டின் நான்கு அங்குலப் பீரங்கிகள் சுட்டுக்கொண்டே இருந்தும் மூழ்கவில்லை. டார்பிடோக்களை ஒவ்வொன்றாக விட்டார்கள். ஆறு தவறியது. ஏழாவது பட்டது. அப்புறம் பலடினைக் கட்டி இழுத்துக்கொண்டு மாலத்தீவின் தெற்கே உள்ள அட்டு அட்டோலுக்குப் போனது பெட்டார்ட். கெடிவ் இஸ்மாயிலில் இருந்தவர்களில் பிழைத்தது 208 ஆண்கள், 6 பெண்கள். இறந்தவர்கள் 1,297 பேர், அதில் பெண்கள் 77. கப்பலோடு போனவர்கள் எத்தனை, வெடியில் போனவர்கள் எத்தனை என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

என் சித்தப்பா வணிகக் கப்பலில் எஞ்சின் அறையில் முப்பது வருடம் இருந்தவர். இதையெல்லாம் அவரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். எனிக்மாவும் ஏழாவது டார்பிடோவும் அவரை அசைக்கவில்லை. "மத்தியானம் ரெண்டரைன்னா கீழ எஞ்சின் ரூம்ல வாட்ச் ஆளுங்க இருந்திருப்பாங்களே. அவனுங்க பேரெல்லாம் எங்கடா எழுதி வச்சிருக்காங்க?" என்றார். போரில் இறந்த இந்திய மாலுமிகளுக்கு மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவிடம் இருக்கிறது, பெயர்கள் ஒரு பதிவேட்டில் இருக்கின்றன என்றேன். "கல்லுல இல்லையா?" என்றார்.

குழுவில் அந்தப் படத்துக்குக் கீழே நான் கைதட்டல் போடவில்லை. 12.2.1944 என்று மட்டும் எழுதினேன். 'அது என்ன தேதி?' என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்குத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீண்டுவிட்டது.