வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றார்கள்

போன வாரம் ஒரு குழுவில் காணொளி ஒன்று வந்தது. உருக்கமான பின்னணி இசை, கணீர்க் குரல், 'குறையை வென்ற சாதனைப் பெண்கள்' என்று தலைப்பு. அதில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நடிகையும் எழுத்தாளருமான எலிசபெத் இஞ்ச்பால்டுக்கும் ஒன்றரை நிமிடம். திக்குவாயோடு பிறந்து, விடாமுயற்சியால் அதை வென்று, லண்டன் நாடக மேடையையே ஆண்டாராம்.

ஆளவும் இல்லை, வெல்லவும் இல்லை. எனக்கும் திக்கும் என்பதால் இதைக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் 'உள்ளேன் ஐயா' சொல்லி முடிப்பதற்குள் வாத்தியார் அடுத்த மூன்று பேருக்கு வருகை போட்டிருப்பார். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று பாட்டி சொல்லும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி ஒரு பெருமூச்சு விடுவாள்.

இஞ்ச்பால்டு 1753-ல் சஃபோக் பகுதியில் ஸ்டானிங்ஃபீல்டு என்ற சிற்றூரில் ஒரு கத்தோலிக்க விவசாயி வீட்டில் பிறந்தவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கத்தோலிக்கராக இருப்பதே பாதிக் கதவை அடைத்துவிடும். மீதிக் கதவை நாக்கு அடைத்தது. ஆனால் ஆசை என்னவோ நாடகத்தின் மேல்தான். திக்குகிற சொற்களை எல்லாம் தாளில் எழுதி, கையோடு வைத்துக்கொண்டு சொல்லிச் சொல்லிப் பார்ப்பாராம். 1772-ல், பதினெட்டு வயதில், வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் லண்டனுக்கு வண்டி ஏறிவிட்டார்.

திக்குகிறவளுக்கு ஏன் நாடக ஆசை என்று கேட்பவர்களுக்குத் திக்கலைப் பற்றித் தெரியாது. பாடும்போது பெரும்பாலும் திக்காது. மனப்பாட வரிகளை இன்னொரு ஆளாக மாறிச் சொல்லும்போதும் பலருக்குத் திக்காது. என் வகுப்பில் கட்டபொம்மன் வசனத்தை நான் தடையில்லாமல் முழங்குவேன், தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்கத்தான் ஐந்து நிமிடம் ஆகும். அந்தப் பெண் மேடையைத் தேடிப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

லண்டனில் வேலை தருவதாகச் சொன்னவர்கள் வேறு எதையோ எதிர்பார்த்தார்கள். அத்துமீறிய ஒரு நாடகக்காரரின் முகத்தில் வெந்நீரை வீசியதாக ஒரு கதை உண்டு. அதே ஆண்டு, தன்னைவிட ஏறத்தாழ இரு மடங்கு வயதான ஜோசஃப் இஞ்ச்பால்டு என்ற நடிகரை மணந்தார். காதல் என்பதைவிடப் பாதுகாப்பு என்று சொல்லலாம். செப்டம்பரில் பிரிஸ்டல் மேடையில் ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகம். கணவர் லியர், இவர் அவருடைய மகள் கார்டிலியா. இந்த வேடப் பொருத்தத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சங்கடமும் வருகிறது.

பிறகு ஸ்காட்லாந்து முழுக்க ஊர் ஊராக நாடகம். 1776-ல் பிழைப்புத் தேடி பிரான்ஸ் போய், கையில் காசில்லாமல் திரும்பி, வயலில் டர்னிப் கிழங்கு பிடுங்கித் தின்று பசியாறியிருக்கிறார்கள். 1779-ல் ஜோசஃப் திடீரென்று இறந்துபோனார். இவருக்கு வயது இருபத்தைந்து. மறுமணம் செய்யவில்லை, கேட்டு வந்தவர்கள் இல்லாமலும் இல்லை.

அடுத்த ஆண்டு லண்டனில் கோவென்ட் கார்டன் அரங்கில் சேர்ந்தார். 'ஆண்டது' இங்கேதான் என்று அந்தக் காணொளி சொல்கிறது. உண்மையில் கிடைத்தவை பெரும்பாலும் சின்ன வேடங்கள். வசனமே இல்லாமல் மேடையில் நடந்துபோகவும் விட்டார்கள். மொத்தம் பதினேழு ஆண்டு நடித்தும் பெரிய நடிகை என்று அவரை எவரும் சொன்னதில்லை. அவருடைய தோழி சாரா சிடன்ஸ்தான் பெரிய நடிகை.

இவர் செய்தது வேறு. நடித்துக்கொண்டே நாடகம் எழுதி, அரங்க முதலாளிகளிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார். திருப்பி அனுப்பினார்கள், கிடப்பில் போட்டார்கள். கடைசியில் ஹேமார்க்கெட் அரங்கின் ஜார்ஜ் கோல்மன் ஒன்றை நூறு கினிக்கு (கினி என்பது அந்தக் காலத்து ஆங்கிலப் பொற்காசு) வாங்கினார். 'எ மொகல் டேல்', 1784 ஜூலையில் மேடையேறியது. பலூனில் ஏறிய மூன்று ஆங்கிலேயர்கள் காற்றில் அடித்துப் போய் இந்தியாவில் மொகலாய மன்னனின் அந்தப்புரத் தோட்டத்தில் விழுகிறார்கள். லண்டனில் லுனார்டி என்ற இத்தாலியர் பலூனில் பறந்து ஊரையே வேடிக்கை பார்க்கவைத்தது அந்த செப்டம்பரில்தான். அம்மணி இரண்டு மாதம் முந்திக்கொண்டார்.

கேலி நாடகம்தான், அந்தப்புரம் பற்றிய அபத்தங்கள் எல்லாம் உண்டு. ஆனால் முடிவில் ஒரு இடம் இருக்கிறது. தலை போகும் என்று நடுங்கி நிற்கும் ஆங்கிலேயர்களை மன்னன் மன்னித்துவிடுகிறான். காரணமும் சொல்கிறான்: உங்கள் நாட்டவர் இங்குள்ள ஏழை இந்துக்களுக்குச் செய்த கொடுமையைப் பார்த்துத்தான் கொடுங்கோல் எவ்வளவு அசிங்கமானது என்று தெரிந்துகொண்டேன், அதனால் இரக்கமுள்ளவனாக இருக்க முடிவு செய்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கொழுத்துக்கொண்டிருந்த காலத்தில், கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணை தொடங்குவதற்கு நான்கு ஆண்டு முன்னால், லண்டன்காரர்களைச் சிரிக்கவைத்தபடியே இதைச் சொல்லியிருக்கிறார். ஒன்றரை நிமிடக் காணொளியில் இதற்கு ஒரு நொடி இல்லை.

எழுதியவர் யார் என்று கூட்டத்துக்குச் சொல்லவில்லை. அதில் அவருக்கும் ஒரு வேடம். 'ஹைட் பார்க் கார்னர்!' என்று லண்டன் இடம் ஒன்றின் பெயரை வியந்து கூவ வேண்டிய கட்டம் வந்தது. முதல் நாடகம் அரங்கேறுகிற பதற்றம், வாய் பூட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் மௌனமாக நின்றுவிட்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற குரலில் திக்கித் திக்கிச் சொன்னாராம். இன்னொருத்தர் எழுதிய வரி என்றால் தப்பித்திருப்பார். தான் எழுதிய வரியில் மாட்டிக்கொண்டார். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு கதை நாடகக்காரர்கள் வாய்வழி வந்தது. அரங்க முதலாளி ஒருவர் எல்லை மீற, அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தப்பி ஓடிவந்தவர், மூச்சிரைக்கச் சொன்னாராம்: "ந... நல்லவேளை, அவர் வி... விக் வைத்திருந்தால் என் க... கதை முடிந்திருக்கும்!" அந்தத் திக்கலை எடுத்துவிட்டால் இதில் பாதி நகைச்சுவை போய்விடும். இவர் அதை வென்றார் என்றால் எந்த நாளில் வென்றார்?

அந்தக் காலத்தில் மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் நாள் வசூலில் செலவு போக மிஞ்சியது எழுதியவருக்கு. இஞ்ச்பால்டின் நாடகங்கள் ஓடின. 1789-ல் நடிப்பையே விட்டுவிட்டார். 1791-ல் 'எ சிம்பிள் ஸ்டோரி' என்ற நாவல். 1798-ல் ஒரு ஜெர்மன் நாடகத்தைத் தழுவி எழுதிய 'லவர்ஸ் வவ்ஸ்', ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்டு பார்க்' நாவலில் அந்த வீட்டையே கலக்கும் நாடகம் அதுதான். பிறகு 25 தொகுதிகளில் 125 நாடகங்களுக்கு முன்னுரை எழுதினார். தனக்கு முதலில் வாய்ப்பு கொடுத்தவரின் மகன் கோல்மனையும் அதில் விமர்சித்தார். நன்றி கெட்டவள் என்று அவர் பகிரங்கமாகக் கடிதம் எழுதியபோது, பணிவாக இருப்பதுபோலத் தொனிக்கும் பதில் ஒன்றால் குத்தினார்.

சம்பாதித்ததை முதலீடு செய்தார், அக்கா தங்கைகளுக்கு அனுப்பினார், தான் வாடகை அறையில் சொந்தக் கையால் தரை கூட்டி வாழ்ந்தார். குளிரில் அழுகை வந்த நாட்களில், சகோதரியின் அறையிலாவது நெருப்பு எரிகிறதே என்று ஆறுதல் பட்டுக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். கஞ்சத்தனம் என்றார்கள் சிலர். ஒரு ஆணின் தயவும் இல்லாமல் இருக்க அவர் கொடுத்த விலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தன்வரலாறும் எழுதி வைத்திருந்தார். ஆயிரம் பவுண்டு வரை தருவதாக ஆசை காட்டியும் கொடுக்கவில்லை. பாதிரியார் ஒருவரின் யோசனை கேட்டு எரித்துவிட்டார். ஆராய்ச்சியாளர்கள் இன்றும் புலம்புகிறார்கள். எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாழ்நாள் முழுக்க வாயைத் திறந்தாலே ஊர் உற்றுப் பார்த்த ஒருவருக்கு, எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவெடுக்க உரிமை இல்லையா?

1821-ல் கென்சிங்டனில் இறந்தார். சட்டைப்பை நாட்குறிப்புகள் பதினொன்று மட்டும் நெருப்புக்குத் தப்பின. அவற்றில் இருப்பதெல்லாம் அன்றாடம்: என்ன படித்தார், யார் வந்தார்கள், எதற்கு எவ்வளவு செலவானது.