பங்குனிச் சருகைக் கொளுத்தாதீர்கள்

பங்குனி பிறந்தால் எங்கள் தெருவில் விடியும்போதே புகை. வேம்பும் பூவரசும் புங்கமும் இலை உதிர்க்கிற காலம் இது. வாசலையும் கொல்லையையும் பெருக்குகிறார்கள், சருகை ஒரு மூலையில் குவிக்கிறார்கள், தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். அதே வீட்டுக்காரர்கள் சித்திரையில் என்னிடம் வந்து, "எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் செடி வாடுதுங்க, என்ன உரம் போடலாம்?" என்று கேட்கிறார்கள். உரத்தில் குறை ஒன்றும் இல்லை. செடிக்கு வேண்டியதைப் பங்குனியிலேயே எரித்துவிட்டோம்.

கோடைத் தொடக்கத்தில் வீட்டுத் தோட்டம் தருகிற முதல் அறுவடை சருகு என்பேன். முருங்கைக்காயும் வடுமாங்காயும் வேப்பம்பூவும் அதற்கு அப்புறம்தான். வெயில் ஏறுவதற்குச் சரியாக முன்னால் மரம் தன் இலையைக் கீழே போடுகிறது. மண்ணுக்குப் போர்வை தேவைப்படும் நேரத்தில் அது தானாகவே வந்து விழுகிறது. அதைப் பெருக்கிக் கொளுத்துவதைப் போல ஒரு வீண்செலவு கிடையாது.

மூடாத மண் சித்திரை மதியத்தில் எவ்வளவு சுடும் என்று வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும். நம் ஊர் வெயிலில் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிவிடும். கத்தரி, வெண்டை, மிளகாய்க்கெல்லாம் தண்ணீரை உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேலாக உள்ள அரையடி மண்ணில்தான் இருக்கின்றன. காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குள் ஆவியாகிவிடும், வேர் வேகும், இலை தொங்கும். அதைப் பார்த்துப் பயந்து மதியத்தில் இன்னொரு குடம் ஊற்றுவோம். சாயங்காலம் மண் இறுகி ஓடு மாதிரி கிடக்கும். மேலே சருகு மட்டும் கிடந்தால் இதில் பாதித் தொல்லை வராது. எங்கள் தோட்டத்தில் இப்படிச் சருகைப் பரப்பி மூடாக்குப் போட்ட பாத்திக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் போதும். சந்தேகம் வந்தால் சருகை ஒதுக்கி விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம்.

மூடாக்குப் போடுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. களையைப் பிடுங்கிவிட்டு, பாத்தி நன்றாக ஊறும்வரை தண்ணீர் விட வேண்டும். அதன் பிறகுதான் சருகு. காய்ந்த மண்ணின் மேல் போட்டால் அப்புறம் ஊற்றும் தண்ணீரைச் சருகே குடித்துவிடும், கீழே இறங்காது. மூன்று அங்குலம் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் நாலு விரற்கடை இடம் விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். வேப்பிலையும் முருங்கையிலையும் சீக்கிரம் மக்கி மண்ணோடு போய்விடும். மாவிலையும் பலாவிலையும் தடிப்பு, கோடை முழுக்கத் தாங்கும். இரண்டையும் கலந்து போடுவது என் வழக்கம். வாழைச்சருகு இருந்தால் கிழித்துப் போடலாம். மாடித்தோட்டக்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். பையில் இருக்கும் மண்ணுக்கு நாலு பக்கமும் சூடு, கீழே தளத்தின் சூடு வேறு. தெருவில் யாரோ கொளுத்த வைத்திருக்கும் சருகை இரண்டு சாக்கில் கேட்டு வாங்கி வந்தாலே அவர்களுக்குப் போதும்.

இதைச் சொன்னதும் வருகிற முதல் கேள்வி, "சருகு கிடந்தா பாம்பு, தேள் வராதா?" நியாயமான பயம், நான் தட்டிக்கழிக்க மாட்டேன். வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டு மூன்றடி அகலத்துக்கு எதுவும் போடாமல் சுத்தமாக வையுங்கள். குவியல் வேண்டாம், பரப்புங்கள். குவித்தே ஆக வேண்டுமென்றால் குழந்தைகள் புழங்காத மூலையில் குழி வெட்டியோ வலை கட்டியோ அதற்குள் போடுங்கள். கையை விடுவதற்கு முன் குச்சியால் கிளறுங்கள். செங்கல் அடுக்கும் பழைய ஓடும் விறகும் வருடக்கணக்கில் கொல்லையில் கிடப்பதைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. உண்மையில் பாம்பும் தேளும் ஒளிய அவைதான் வசதி.

இரண்டாவது கேள்வி, "சாம்பலும் உரம்தானே?" ஆமாம், சாம்பலில் சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) சுண்ணாம்பும் இருக்கின்றன. ஆனால் இலையில் இருந்த தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பாலும் புகையோடு போய்விட்டது. மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் உணவாக வேண்டிய பகுதியும் போய்விட்டது. மிஞ்சுகிற சாம்பலுக்குக் காரத்தன்மை அதிகம். ஏற்கெனவே கார மண்ணும் உப்புத் தண்ணீரும் உள்ள ஊர்களில் அதை அள்ளிக் கொட்டுவது நல்லதல்ல. நெருப்பு வைத்த இடத்து மேல்மண் செத்துப்போவது தனி நஷ்டம்.

இன்னொரு பயமும் சிலருக்கு உண்டு. சருகு மண்ணில் இருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்று எங்கோ படித்திருப்பார்கள். காய்ந்த சருகை மண்ணுக்குள் கொத்திப் புதைத்தால்தான் அப்படி ஆகும். மேலே கிடந்தால் பாதிப்பு இல்லை. அதனால் புதைக்காதீர்கள், விரியுங்கள், அவ்வளவுதான்.

மூடாக்கு நம் ஊருக்குப் புதிய செய்தியும் அல்ல. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசியவற்றில் அதுவும் ஒன்று. அவர் 2013இல் மறைந்தார். அவர் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் வீட்டுக்கு வெளியிலேயே சருகு எரிவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சட்டமும் நம் பக்கம்தான். தெருவிலும் பொது இடத்திலும் குப்பை எரிக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தண்டம் விதித்தது. ஆனால் தண்டத்துக்குப் பயந்து இது நிற்கும் என்று நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக் கொல்லை சித்திரையிலும் பச்சையாக இருப்பதைக் கண்ணால் பார்த்தால் நிற்கும்.

புகை இன்னொன்றும் செய்கிறது. இலை உதிர்ந்த கையோடு வேம்பு துளிர்த்துப் பூக்கும், முருங்கையும் அதே சமயத்தில் பூவும் பிஞ்சுமாக நிற்கும். வேப்பம்பூவுக்குத் தேனீ வரும், முருங்கைப் பூவுக்குப் பெரிய கருவண்டுகள் வரும். விடிந்து வெயில் ஏறுவதற்குள் அவை வேலை பார்த்தால்தான் நமக்குக் காய். அந்த நேரம் பார்த்தா புகை போடுவது?

வேப்பம்பூவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கடையில் சின்னப் பொட்டலத்துக்குக் கொடுக்கிற விலையை நினைத்தால், மரம் உள்ள வீட்டில் அதை மிதித்து நடப்பது மனசுக்குக் கஷ்டம். ராத்திரி மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தால் காலையில் வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும். காம்பும் தூசியும் நீக்கி இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வைத்து, ஈரம் படாத பாட்டிலில் போட்டால் அடுத்த பங்குனிவரை ரசத்துக்கு ஆச்சு. நெய்யில் கருகாமல் சிவக்க வறுத்து, இறக்கிய ரசத்தில் கடைசியாகப் போட வேண்டும். கொதிக்க விட்டால் வெறும் கசப்புதான் மிஞ்சும். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடிக்கு வெல்லத்தோடு சேரும் பூ அன்று காலையில் விழுந்த பூவாக இருந்தால், அந்த வாசனையே வேறு.

மாமரம் இருந்தால் காற்றுக்கு விழும் பிஞ்சைப் பொறுக்கி வடு போட ஆசை வரும். அடிபட்டது ஜாடியில் அழுகிவிடும், கூட இருப்பதையும் கெடுக்கும். அதைச் சாம்பாருக்கு வைத்துக்கொண்டு, காம்போடு பறித்ததை மட்டும் வடுவுக்கு எடுங்கள். விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு போட்டுக் குலுக்கி வைத்தால் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் விட்டுத் தோல் சுருங்கும். அதன் பிறகு அரைத்த கடுகும் மிளகாயும் மஞ்சளும்.

முருங்கை பூத்திருக்கும்போது தண்ணீரை அதிகம் காட்டினால் பூ உதிரும் என்பார்கள். எங்கள் மரத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. காய்ப்பு ஓய்ந்த பிறகு, பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 மாதிரிச் செடிமுருங்கையைத் தரையிலிருந்து மூன்றடியில் வெட்டிவிட்டால் நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். குண்டுமல்லிக்கு இப்போது நல்ல பருவம். மொட்டை விடியற்காலையில் பறித்துவிட வேண்டும்.

தக்காளிப் பூ உதிர்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் தணியாவிட்டால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும், பூ நிற்காது. எந்தக் கரைசலைத் தெளித்தாலும் அதை மாற்ற முடியாது. பச்சை வலை கட்டிச் சித்திரையில் காலிஃபிளவரும் கேரட்டும் வளர்க்கப் பாடுபடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அவை கார்த்திகை, மார்கழிப் பயிர்கள். கோடைக்கென்றே கொத்தவரை இருக்கிறது, வெண்டை இருக்கிறது, வெள்ளரி, பருப்புக்கீரை, தண்டுக்கீரை இருக்கின்றன. கொத்தவரை வறட்டு நிலத்தில் பழகிய செடி. மூடாக்கும் அளவான தண்ணீரும் கொடுத்தால் வெயிலிலும் நிமிர்ந்து நிற்கும். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், முற்றவிட்டால் அடுத்த பூவும் குறையும்.

அப்புறம் வெயிலே ஒரு விளைச்சல்தான். மிஞ்சுகிற கொத்தவரையை உப்புப் போட்டு அரைவேக்காடாக எடுத்துக் காய வைத்தால் வற்றல். சுண்டைக்காயைத் தட்டி, உப்பிட்ட புளித்த மோரில் ஊற வைத்து, பகலில் வெயிலிலும் இரவில் அதே மோரிலுமாக மாற்றி மாற்றிப் போட்டு, மோர் முழுக்க இழுத்த பிறகு சலசலவென்று காய விட வேண்டும். மணத்தக்காளிக்கும் மிளகாய்க்கும் இதே வேலைதான். ஐப்பசி அடைமழையில் காய்கறி விலை ஏறும்போது வற்றல் குழம்பு வைக்க இந்த டப்பாக்களைத்தான் திறப்போம்.

செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி வரும் காலமும் இதுதான். கண்டவுடன் விஷ மருந்து வாங்க ஓட வேண்டாம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள். 2008 வாக்கில் கோவைப் பக்கம் தலைகாட்டிப் பப்பாளித் தோட்டங்களையே காலி செய்த மாவுப்பூச்சியை அடக்கியது எந்த மருந்தும் அல்ல. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட சின்னஞ்சிறு குளவிகள் அதை அடக்கின. நம் கொல்லையிலும் சிலந்தியும் பொறிவண்டும் குளவியும் இருக்கின்றன. அவற்றுக்குத் தங்க இடமாவது விடுவோம்.

கடைசியாக விதை. நன்றாகக் காய்த்த வெண்டைச் செடியில் இரண்டு காயை இப்போதே நூல் கட்டி, பறிக்காமல் விட்டுவிடுங்கள். பீர்க்கையும் சுரையும் கொடியிலேயே முற்றிக் காயட்டும். காய்ந்ததும் விதையை எடுத்து, சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி வைத்தால் ஆடிப்பட்டத்துக்குக் கடையில் போய் நிற்க வேண்டாம். (சாம்பல் அடுப்படியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், சருகை எரித்து எடுக்காதீர்கள்.) என்னிடம் போன வருடத்து நாட்டு வெண்டையும் கொத்தவரையும் கொஞ்சம் இருக்கின்றன. கொத்தவரையை இப்போதே போடலாம். வேண்டுகிறவர்கள் கருத்துப் பெட்டியில் ஊர்ப் பெயரோடு கேளுங்கள், இருக்கிறவரை பங்கிட்டு அனுப்புகிறேன்.