மண் கற்றுக்கொடுக்கும் என்று சொல்லாதீர்கள்

ஒரு பண்ணை சமூக வலைத்தளத்தில் போட்ட அறிவிப்பை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பண்ணையில் தங்கி ஒரு பருவம் பயிற்சி. ஆறு மாதம், வாரத்துக்கு ஆறு நாள், விடிந்ததில் இருந்து பொழுது சாயும்வரை. ஊதியம் கிடையாது, சாப்பாடும் படுக்க இடமும் உண்டு, முடிவில் சான்றிதழ். அதற்குக் கீழே நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இந்த ஆறு மாதத்தில் என்னென்ன கற்றுக்கொடுப்பீர்கள்?"

வந்த பதில்: "மண் கற்றுக்கொடுக்கும்."

அந்தப் பதிலுக்குக் குவிந்த இதயங்களையும் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே என்னைப் பற்றி வந்ததையும் படித்திருப்பீர்கள். வெயிலுக்குப் பயந்தவனாம், கணினி முன்னால் உட்கார்ந்து விவசாயிக்குப் பாடம் எடுக்கிறவனாம். எழுதாமல் விட்டுவிடலாம் என்று மூன்று நாள் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

மண் கற்றுக்கொடுக்காது. தக்காளிச் செடியில் அடி இலை மஞ்சளாகிறது. தண்ணீர் அதிகமா, குறைவா? தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றவில்லையா? நோயா? வயதான இலை தானாகப் பழுத்து விழுகிறதா? மண்ணைக் கேட்டால் சொல்லுமா? வருடக்கணக்கில் அந்தச் செடியோடு கிடந்த ஒருவர் இலையைத் திருப்பிப் பார்த்து, வேரடி மண்ணை விரலால் கிளறி, அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்த அரை நிமிடத்துக்குப் பெயர்தான் பயிற்சி. அது இல்லாவிட்டால் நடப்பது கூலி வேலை. கூலி வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான். வேறு எதையும் நான் சொல்லவில்லை.

இதைக் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. இதே மாதிரி ஒரு அறிவிப்பைப் பார்த்துத்தான் நானும் ஒரு காய்கறிப் பண்ணைக்குப் போனேன். படிப்பு முடிந்த கையோடு, எழுதிக்கொள்ள ஒரு புது நோட்டும் வாங்கிக்கொண்டு போனேன். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. முதல் பத்துப் பக்கம் நிரம்பியிருக்கிறது, மீதி வெற்றுத்தாள்.

வேலையில் நான் குறை வைத்ததில்லை. நாற்று வளர்க்கிற குழித்தட்டில் விதை போட்டேன், நாற்று நட்டேன், களை எடுத்தேன், விடியலில் அறுவடை செய்தேன், கழுவி கிரேட்டில் அடுக்கி வண்டியில் ஏற்றினேன். ஆனால் எனக்குத் தெரியவேண்டியது வேறு. பீன்ஸ் எடுத்த பாத்தியில் ஏன் கேரட்? கீரையை ஏன் ஒரேயடியாக விதைக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைக்கிறோம்? ஒரு பாத்திக்கு எவ்வளவு விதை? மண் பரிசோதனை முடிவில் என்ன வந்தது? எல்லாம் பண்ணைக்காரரின் குறிப்பேட்டில் இருந்தது. ஒருநாள் கேட்டேன். "அது உனக்கு எதுக்கு? செய், தானா புரியும்" என்றார். குறிப்பேடு மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. ஆறு மாதத்தில் ஒருமுறைகூட அதை நான் திறந்து பார்த்ததில்லை.

இரண்டாவது வாரமே என் முதுகில் மருந்து டேங்கை மாட்டிவிட்டார்கள். கையுறை இல்லை, முகத்துக்குத் துணிகூட இல்லை. பூச்சிமருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில், அடித்த பிறகு எத்தனை மணி நேரம் வயலுக்குள் போகக்கூடாது, எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று எழுதியிருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. யாரும் படிக்கச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் தலை சுற்றி வாந்தி எடுத்தேன். "தண்ணி குடிச்சிட்டுப் படு, சரியாயிடும்" என்றார்கள். கட்டுமானம், சுரங்கம் இரண்டோடும் சேர்த்து, உலகத்திலேயே மிக ஆபத்தான மூன்று தொழில்களில் ஒன்றாக விவசாயத்தைச் சொல்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. வேளாண்மையில் பாதுகாப்புக்கென்றே 2001-இல் தனி உடன்படிக்கை (எண் 184) கொண்டுவந்தார்கள். அன்றைக்கு என்னிடம் "மண் கற்றுக்கொடுக்கும்" என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

சரி, அங்கே நான் எதையுமே கற்கவில்லையா? கற்றேன். கற்றுக்கொடுத்தவர் களையெடுக்க வந்த ஒரு அக்கா. முதல் நாள் நாற்றை நான் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிவிட்டார். "தண்டப் புடிக்காத தம்பி, இலையப் புடி. இலை போனா வேற வரும். தண்டு நசுங்குனா செடியே போச்சு." களைக்கொத்தை ஆழமாக இறக்காமல் மேல்மண்ணைச் சீவுகிற மாதிரி இழுக்க வேண்டும் என்றும், களை வெள்ளை நூல் மாதிரி முளைவிடும்போதே கிளறிவிட்டால் வேலை பாதியாகிவிடும் என்றும், அதை வெயில் ஏறப்போகிற காலையில் செய்தால் பிடுங்கிப் போட்டது மறுபடி வேர் பிடிக்காமல் காய்ந்துவிடும் என்றும் சொன்னது அவர்தான். பீன்ஸ் இலை ஈரமாக இருக்கும்போது உள்ளே போகாதே, ஒரு செடியின் நோயைக் கையிலும் துணியிலும் வாங்கி அடுத்த செடிக்குக் கொடுத்துவிடுவாய் என்று சொன்னதும் அவர்தான். என் நோட்டில் நிரம்பிய பத்துப் பக்கமும் அவர் சொன்னவைதான். பண்ணையில் யாரும் அவரைப் பயிற்சியாளர் என்று சொன்னதில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த நேரத்துக்கு அவருக்குத் தனியாக எதுவும் கிடைத்ததும் இல்லை. அந்த நேரத்தில் அவருடைய வரிசை பின்தங்கியதற்கு ஏச்சு மட்டும் கிடைத்தது.

இங்கே ஒரு கேள்வி வரும், வந்தும்விட்டது: "சின்ன விவசாயிக்கே கையில் ஒன்றும் நிற்பதில்லை, பயிற்சிக்கு வருகிறவருக்குக் கூலி எங்கிருந்து கொடுப்பார்?" இதைக் கேட்டவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நியாயமான கேள்வி. விலை சரிந்த நாளில் அந்தப் பண்ணைக்காரர் திண்ணையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் பணம் இல்லை என்றால் நேரத்தைக் கொடுக்கலாமே. 1971-இல் லண்டனில் செயலாளர் வேலை பார்த்த சூ கோப்பர்ட் என்கிற பெண், நகரத்துக்காரர்கள் வார இறுதியில் இயற்கைப் பண்ணைகளுக்குப் போய்க் கைகொடுத்துவிட்டு வர ஒரு ஏற்பாடு செய்தார். இன்று வூஃப் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியிருப்பது அதுதான். அதிலும் கூலி கிடையாது. ஆனால் அங்கே பேச்சு தெளிவு: நாளில் சில மணி நேரம் உழைப்பு, பதிலுக்குச் சாப்பாடு, இடம், தெரிந்ததைச் சொல்லித்தருவது. அதை நான் மனதாரப் பாராட்டுவேன். நாள் முழுக்க, வாரத்துக்கு ஆறு நாள், ஆறு மாதம் என்பது எப்படி அதே கணக்கில் வரும்?

சின்னப் பண்ணைகளால் கூலி கொடுக்க முடியாது என்று தெரிந்துதான் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2010-இல் ஒரு முன்னோடித் திட்டம் கொண்டுவந்தது. சிறு பண்ணைகள் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் கொடுக்கத் தேவையில்லை என்று விலக்கு அளித்தார்கள். பதிலுக்கு, என்ன கற்றுத்தரப்போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அடிபட்டால் இழப்பீடு கிடைக்கக் காப்பீடு இருக்க வேண்டும். ஜெர்மனியில் விவசாயத்துக்கென்றே முறையான தொழிற்பயிற்சி உண்டு, பொதுவாக மூன்று வருடம். அங்கீகாரம் பெற்ற பண்ணையில் வேலை, அதோடு தொழிற்பள்ளி, மாதாமாதம் ஊதியம். என்ன கற்றோம் என்று பயிற்சி பெறுகிறவர் ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். இழுப்பறையில் பூட்டப்பட்ட குறிப்பேட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைப் படித்தபோது உண்மையாகவே தொண்டை அடைத்தது.

அப்புறம் "உடம்பு வளையாதவர்கள்" என்று எழுதியவர்களுக்கு: வளைந்தது. அதற்கு மேல் உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

"நீ விவசாயத்துக்கு எதிரி" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் வலித்தது. முதல் பண்ணைக்குப் பிறகும் நான் விவசாயத்தை விடவில்லை. இன்னொரு இடத்துக்குப் போனேன், இரண்டே மாதம். வெளியாளுக்குக் கொடுக்கிற கூலியில் பாதி கொடுத்தார்கள், அதை முதலிலேயே சொன்னார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்த வீட்டு அம்மா தன் குறிப்பேட்டைத் திறந்து முன்னால் வைப்பார். இந்தப் பாத்திக்கு எவ்வளவு விதை போனது, எத்தனை மணி நேர வேலை போனது, எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு அழுகியது. ஒரு கேரட் பாத்தியை என் பொறுப்பில் விட்டார். கேரட் முளைக்க ஒரு வாரத்தில் இருந்து மூன்று வாரம்வரை ஆகும், அதுவரை மேல்மண் காயவே கூடாது. நான் இரண்டு நாள் மதியம் அசட்டையாக இருந்துவிட்டேன். கால்வாசிதான் முளைத்தது. அவர் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் பாத்தியில் எவ்வளவு நஷ்டம் என்று என் கையாலேயே கணக்குப் போடவைத்தார். ஆறு மாதத்தில் கிடைக்காதது அந்த ஒரு சாயங்காலத்தில் கிடைத்தது. கற்றுக்கொடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஏன் நம்புவதில்லை என்று இப்போது புரிகிறதா?

இளைஞர்கள் விவசாயத்துக்கு வருவதில்லை என்று மேடைதோறும் புலம்புகிறார்கள். அமெரிக்காவின் 2022 வேளாண் கணக்கெடுப்பில் விவசாயிகளின் சராசரி வயது 58.1. மற்ற பல நாடுகளிலும் இதே கவலைதான். ஆனால் வருகிறவர்களை என்ன செய்கிறோம்? முதல் பண்ணையில் என்னோடு மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் ஆசையோடு வந்தவர்கள். ஒருவர்கூட இன்று இந்தத் துறையில் இல்லை. விதை உற்பத்தி, மண் ஆய்வகம், சொட்டுநீர் வடிவமைப்பு, அறுவடைக்குப் பின் சேமிப்பு, இயற்கை விவசாயச் சான்றளிப்பு, இயந்திரப் பராமரிப்பு, பண்ணை மேலாண்மை என்று எவ்வளவு வேலைகள் இருக்கின்றன! ஒரு பருவம் வயலில் நின்றவருக்கு இவை அத்தனையும் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அவர்கள் கண்ணில் பட்டது களை மட்டும்தான். விவசாயம் என்றால் குனிவது என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் யாரால் இருக்க முடியும்? வீட்டில் யாரும் தன் கூலியை எதிர்பார்க்காதவரால்தான். என்னால் முடிந்தது. அந்த அக்காவின் மகளால் முடியாது. பள்ளி விடுமுறையில் அந்தப் பெண்ணும் அதே பண்ணைக்கு வருவாள். நான் எடுத்த அதே களையை என்னைவிட வேகமாக எடுப்பாள். செடி வளர்ப்பில் அவளுக்கு இருந்த கை எனக்கு இன்றுவரை வரவில்லை. வேளாண்மை படிக்க என்ன செய்ய வேண்டும் என்று ஒருநாள் அவள் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் உண்டு. அவள் செய்தது கூலி வேலை, நான் செய்தது பயிற்சி. அடுத்து வேலைக்கு விண்ணப்பித்தபோது "ஆறு மாதப் பண்ணை அனுபவம்" என்று நான் எழுதினேன். அவளுடைய அத்தனை விடுமுறைகளையும் எந்த விண்ணப்பத்தில் எழுதுவது?

வயல் வேலையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை. அமெரிக்கா 1938-இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கொண்டுவந்தபோது விவசாயத் தொழிலாளர்களை வெளியே நிறுத்தினார்கள். 1966-இல்தான் அவர்களில் ஒரு பகுதியினரை உள்ளே விட்டார்கள். ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கிறவர்களுக்கு, எத்தனை கூடை பறித்தாலும் கூலி மணிக்கு இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்ற உத்தரவாதம் 2022 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஏற்கனவே இப்படி இருக்கிற இடத்தில் "பயிற்சி" என்று ஒரு பெயரையும் கொண்டுவந்து வைத்தால், கூலிக்கு வருகிற அக்காவின் கூலியையும் அது கீழே இழுக்கும். நான்கு பேர் சும்மா வந்து செய்யும்போது ஐந்தாவது ஆளுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் வராதா? நான் இருந்த பருவத்திலேயே களையெடுக்க வருகிறவர்களில் இரண்டு பேரைக் குறைத்துவிட்டார்கள். அப்போது எனக்கு அது புரியவில்லை. இப்போது நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். வெளியே வரும்போது அந்த அக்கா கேட்டார், "என்ன தம்பி எழுதியிருக்கு?" படித்துக் காட்டினேன். பயிர் மேலாண்மை, நாற்றங்கால் பராமரிப்பு, களைக் கட்டுப்பாடு. அவர் சொல்லிக்கொடுத்தவைதான் வரிசையாக இருந்தன. கீழே கையெழுத்து வேறு ஒருவருடையது. "பத்திரமா வெச்சுக்க" என்றார்.

நேற்று இரவு அந்த அறிவிப்புக்குக் கீழே மறுபடி போய்க் கேட்டிருக்கிறேன். முதல் வாரம் என்ன சொல்லித்தருவீர்கள், பத்தாவது வாரம் என்ன? யார் சொல்லித்தருவார்? மருந்தடிக்கக் கையுறை உண்டா? அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது? பண்ணைக் கணக்கைக் காட்டுவீர்களா? களையெடுக்க வருகிறவர்கள் இந்தப் பருவத்திலும் வருவார்களா?

இதை எழுதி முடிக்கிற இந்த நேரம்வரை பதில் இல்லை.