நாற்பது மெகாவாட்டும் நடுவில் இருப்பவரும்

2012-ல் கரண்ட் கட்டில் புழுங்கிய நமக்கு நேபாளத்தின் கதை எளிதில் புரியும். 2008-09 குளிர்காலத்தில் அங்கே ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரை மின்வெட்டு. அதுவும் இமயமலையிலிருந்து அத்தனை ஆறுகள் இறங்கும் நாட்டில்!

இன்று அதே நாட்டில் மழைக்காலத்தில் மின்சாரம் மிஞ்சுகிறது. குளிரில் ஆறு வற்றினால் இந்தியாவிடம் வாங்கிக்கொள்கிறார்கள். இன்னொரு பக்கம் வங்கதேசம், எரிவாயுவும் நிலக்கரியும் இறக்குமதி செய்தே டாலரைக் கரைக்கிறது. ஒருவரிடம் மிச்சம், இன்னொருவரிடம் பற்றாக்குறை. இடையில் கொஞ்சம் இந்திய நிலம், அவ்வளவுதான்.

அந்தக் கொஞ்ச நிலத்தைத் தாண்டத்தான் பல வருடப் பேச்சுவார்த்தை. நேபாள மின்சாரத்தை இந்தியா வழியாக வங்கதேசத்துக்கு அனுப்ப, 2024 அக்டோபர் 3 அன்று காத்மாண்டுவில் முத்தரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அளவு எவ்வளவு தெரியுமா? 40 மெகாவாட். இரண்டு மெகாவாட் காற்றாலை இருபது நட்டால் போதும். அதுவும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை மட்டும். கையெழுத்தான வருடம் சீசனே முடியும் தறுவாயில் இருந்ததால், நவம்பர் 15 அன்று ஒரே ஒரு நாள் அனுப்பிப் பார்த்தார்கள்!

அளவு சிறியது என்பதுகூட எனக்குப் பெரிய குறையில்லை. சீனப் பங்கு உள்ள திட்டத்தின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதில்லை என்பதுதான் உறுத்துகிறது. 456 மெகாவாட் அப்பர் தாமாகோஷி நீர்மின் நிலையம் நேபாளிகளின் சொந்தப் பணத்தில் கட்டியது. கட்டுமான ஒப்பந்ததாரர் சீன நிறுவனம் என்பதால் அதற்கும் கதவு திறக்கவில்லை. சீன முதலாளிக்கு லாபம் போகக்கூடாது, கட்டுப்பாட்டுக் கருவிகள் அவர்கள் கையில் இருக்கக்கூடாது என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுரங்கம் தோண்டியவன் யார் என்று மின்சாரத்துக்குத் தெரியுமா?

நேபாளிகளுக்கு 2015 மறக்கவில்லை. எல்லையில் லாரிகள் நின்று, மாதக்கணக்கில் பெட்ரோலும் சமையல் கேஸும் இல்லாமல் தவித்தார்கள். நாங்கள் தடுக்கவில்லை என்றது இந்தியா. அங்கே அதை நம்பியவர்கள் குறைவு. நடுவில் இருப்பவர் கையில் சுவிட்ச் இருக்கிறது என்ற பயம் ஒருமுறை புகுந்துவிட்டால் எத்தனை ஒப்பந்தம் போட்டாலும் லேசில் போகாது.

இது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. இலங்கையோடு மின்கம்பி இணைப்புக்கு 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டாயிற்று. மதுரை–அனுராதபுரம் பேச்சு அதற்கும் பல வருடம் முந்தையது. 2022-ல் 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்த இலங்கைக்கு இணைப்பு தேவைதான். ஆனால் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கொழும்பில் யாராவது ஒருவர் காத்மாண்டுவுக்குப் போன் போட்டு, "எப்படி இருக்கிறது அனுபவம்?" என்று விசாரிக்காமலா இருப்பார்?