டிவோ வாழ்நாள் சந்தா ஆளுக்கு அல்ல, பெட்டிக்கு

டிவோ என்பது டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி. "அதன் வாழ்நாள் சந்தா உங்கள் பெயரில் இருக்கிறது, டிவோ கெட்டுப்போனால் வேறொன்றை வாங்கிச் சந்தாவை அதற்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்வது தவறு. இதை நம்பிப் பழைய பெட்டியைக் குப்பையில் போட்டால் பணம் போய்விடும்.

இங்கே வாழ்நாள் என்பது பெட்டியின் ஆயுள். சந்தா ஒட்டியிருப்பது அதன் 15 இலக்கச் சேவை எண்ணில். அந்த எண் இருப்பது மதர்போர்டில், ஹார்ட் டிஸ்கில் அல்ல. உத்தரவாதக் காலத்தில் நிறுவனமே மாற்றுப் பெட்டி தந்தால் சந்தாவும் அதற்குப் போகும். கடையில் நீங்களாக வாங்கிய பெட்டிக்குப் போகாது. பெட்டியை விற்றாலோ, வாங்கியவருக்கே சந்தா.

ஆகவே முதலில் பழுது பாருங்கள். பெரும்பாலும் போவது ஹார்ட் டிஸ்க் அல்லது பவர் சப்ளை. இரண்டையும் மாற்றினாலும் சந்தா அப்படியே இருக்கும். ரோமியோ என்ற டிவோ மாடலில் 3 டிபி (டெராபைட்) வரை வெற்று டிஸ்கைப் பொருத்தினால் அதுவே ஃபார்மட் செய்துகொள்ளும். சீரீஸ் 3, டிவோ ஹெச்டி போன்ற பழையவற்றுக்கு, அதே மாடலின் மென்பொருளைக் கணினி வழியாக டிஸ்கில் ஏற்றியாக வேண்டும். இவை துவக்கத் திரையிலேயே நின்றால், டிஸ்கைக் குறை சொல்லுமுன் பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்களை (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு உருளைகளை) பாருங்கள். தலை உப்பியிருந்தால் அதுதான் காரணம். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்கும் ரகம் போடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும், கவனம்.

மதர்போர்டே போயிருந்தால்தான் சந்தா முடிந்தது. டிஸ்கை வேறு பெட்டியில் போட்டாலும் பழைய பதிவுகள் ஓடாது. அவை அந்தப் போர்டுக்கே பூட்டப்பட்டவை.