ஏற்காட்டு மிளகு மூளை அடைப்பைக் கரைக்காது, பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ஏற்காட்டு மிளகைத் தேனில் ஊறவைத்து 48 நாள் சாப்பிட்டால் மூளை ரத்தக்குழாய் அடைப்பு கரைந்து மறதி போய்விடுமாம், அப்புறம் பிரஷர் மாத்திரையே வேண்டாமாம். தவறு.

மிளகை ரசத்தில் தாராளமாகப் போடுங்கள், ஆனால் அது அடைப்பைக் கரைக்காது. பல வருடம் பிரஷர் ஏறியே இருந்தால் மூளைக்குள் ஓடும் மெல்லிய குழாய்களின் சுவர் தடித்து, உள்வழி குறுகி, அங்கங்கே திசு சத்தமில்லாமல் செத்துப்போகிறது, கை கால் இழுக்காததால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. செத்த திசுவை எந்த மருந்தும் உயிர்ப்பிக்காது. பலருக்கு மறதிக்கு முன்பே யோசனை மந்தமாகும்: வரவு செலவுக் கணக்குப் போட நேரமாகும், நடை சின்னச் சின்ன அடியாகும். இதை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம்.

2019இல் வெளியான அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், மேல் பிரஷரை 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு, 140 இலக்கு வைத்தவர்களைவிட லேசான நினைவு, சிந்தனைக் குறைபாடு குறைவாகவே வந்தது. முழு மறதிநோயும் குறைந்தது என்று அதில் உறுதியாகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இலக்கை டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை வாங்க அலைய முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது.

வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், ஏற்காட்டுக்காரர்கள் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வர வேண்டும்.