ரோமில் துண்டு போட முடியுமா?

ஆகஸ்ட் மாதத்தில் ரோமுக்குத் தனியாகப் போகச் சொல்லி என்னை யார் அடித்தார்கள்? வெயில் 38 டிகிரி. மேலே சூரியன் சுட, கீழே கருங்கல் தெரு வறுக்கிறது. ரோமின் புகழ்பெற்ற ஸ்பானிஷ் படிக்கட்டில் 135 படிகள். ஒன்றில்கூட உட்காரக் கூடாதாம்! 2019-லிருந்து தடை, மீறினால் 400 யூரோ வரை அபராதம். அப்புறம் எதற்கய்யா அத்தனை படி?

ட்ரெவி நீரூற்றில் நீரைக் காணோம், செல்ஃபி குச்சிகள்தான் தெரிந்தன. ஏழு ஜோடிகளுக்கு நான்தான் போட்டோகிராபர். "இன்னும் ஒண்ணே ஒண்ணு, பிளீஸ்." சரி, பழைய ரோமானிய அரங்கமான கொலோசியத்தின் முன்னால் நான் என் போனை நீட்டினால்? அரங்கத்தை விட்டுவிட்டு என் மூக்கையும் தன் கட்டைவிரலையும் எடுத்துக் கொடுத்தார் ஒரு புண்ணியவான்.

எங்கே போனாலும் வரிசை; நடுவில் கழிவறைக்குப் போனால் இடம் போய்விடும். பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? துண்டு போட்டுவிட்டுப் போகவா?